பழைய மீன் தொட்டிக்குச் சோப்புத் தூள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், பிறர் பயன்படுத்திய மீன் தொட்டியை வாங்கி மீண்டும் பயன்படுத்துவது எப்படி என்று ஏழெட்டு வரிகளில் ஒரு குறிப்பு வெளிவந்திருந்தது. தொட்டியைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி ஒரு நாள் வெயிலில் காய வைக்க வேண்டும், பிறகு ஒரு மணி நேரம் தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும், எங்காவது கசிந்தால் அந்த இடத்தில் மேலாகச் சிறிது சிலிக்கான் பசை தடவினால் போதும், அதன்பின் மீன்களை விடலாம் என்பது அதன் சாரம். எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆயினும் அவர் சொன்ன மூன்று யோசனைகளில் முதலாவது மீனைக் கொல்லும், இரண்டாவது போதாது, மூன்றாவது வீட்டுத் தரையை நனைக்கும். யாங்கோனில் வீட்டைக் காலி செய்து வெளிநாடு செல்வோர் விட்டுப்போகும் சாமான்களில் கண்ணாடித் தொட்டிகளும் அவ்வப்போது வருகின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று நம்மவர்களும் பிள்ளைகளுக்காக வாங்குகிறார்கள். ஆகவே முப்பது ஆண்டுகளாக வீட்டளவில் மீன் வளர்த்துவருபவன் என்ற முறையில், நான் செய்த தவற்றையும் சேர்த்துச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன், தாம்வேயில் எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு குடும்பத்தார் வீட்டைக் காலி செய்தபோது, மூன்றடித் தொட்டி ஒன்றைச் சரளைக்கல், வடிகட்டி, மேல்மூடி ஆகியவற்றோடு எனக்கு விற்றார்கள். என் பேரன் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது நம் நாட்டு மீன் ஒன்றை. 2006-இல் ஷான் மாநிலத்தில் இன்லே ஏரிக்குக் கிழக்கே ஹோபோன் அருகில் கிடைத்து, மறு ஆண்டே அறிவியற்பெயர் பெற்று, கேலக்ஸி ரஸ்போரா என்ற பெயரில் உலகெங்கும் விற்பனைக்குப் போன, கருநீல உடலில் முத்துப் பொட்டு இட்டாற்போன்ற அந்த மீன் இரண்டு சென்டிமீட்டர் அளவே வளரும். அத்தனை சிறிய உயிருக்குத் தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்று நானும் கவனமாகவே இருந்தேன். சோப்புப் போடவில்லை; சரளையை ஆறு முறை அலசினேன்; மூன்று நாள் நீர் நிறுத்திக் கசிவு பார்த்தேன்; செடி நட்டு ஒரு மாதம் பொறுத்தேன். அதன்பின் முன்னோட்டமாகப் பத்துப் பன்னிரண்டு சின்ன இறால்களையும் சில நத்தைகளையும் விட்டபோது, மறுநாள் காலையில் இறால்கள் அனைத்தும் தரையில் கிடந்தன. நத்தைகள் ஓட்டுக்குள் சுருங்கியவை வெளியே வரவில்லை.

உள்மூலைகளில் ஓடிய பசை இளநீல நிறமாக இருந்ததை நான் வாங்கும்போதே பார்த்தேன். அழகுக்காக நிறப் பசை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டேன். அது மெத்திலின் நீலம் என்ற மருந்தின் கறை. பழைய உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது, வெள்ளைப் புள்ளி நோய் வந்து நீல மருந்து ஊற்றியதாகவும், அது கேட்காமல் செம்பு கலந்த மருந்தைப் புட்டி காலியாகும்வரை ஊற்றியதாகவும் ஒளிக்காமல் சொன்னார். நான் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். செம்பு, மீன் தாங்கும் அளவில் மருந்து. இறாலுக்கும் நத்தைக்கும் அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. என் சரளை சுண்ணாம்புக் கல் உடைத்தது. ஒரு கல்லில் வினிகர் விட்டதும் நுரைத்தது. இத்தகைய கல் செம்பை ஈர்த்து வைத்துக்கொண்டு, பின்பு மெல்ல மெல்ல நீரில் விடும். சிலிக்கான் பசையும் அவ்வாறு செய்யுமா என்பதில் மீன் வளர்ப்போரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சரளையைப் பற்றி அந்த ஐயம் இல்லை. ஆறு முறை அலசியதில் தூசி போயிற்று, செம்பு போகவில்லை.

அதனால்தான், பழைய தொட்டியைச் சோதிப்பது தண்ணீர் ஊற்றுவதில் தொடங்குவதில்லை, விற்பவரிடம் பேச்சுக் கொடுப்பதில் தொடங்குகிறது என்கிறேன். இதில் கடைசியாக என்ன வளர்த்தீர்கள், அவை எப்படிப் போயின, என்ன மருந்து ஊற்றினீர்கள், எத்தனை ஆண்டு பழையது, எவ்வளவு காலம் காய்ந்து கிடந்தது, எங்கே கிடந்தது என்ற கேள்விகளுக்கு வரும் பதில்களை வைத்தே பாதி முடிவைச் செய்துவிடலாம். மீனுக்கே பயன்பட்ட தொட்டி என்றால் அஞ்ச வேண்டியவை பெரும்பாலும் நோயும் மருந்தும் மட்டுமே. ஆமை, பாம்பு, முயல், கோழிக்குஞ்சு என்று வேறு எதையாவது வைத்திருந்தால் உண்ணிக்கும் பேனுக்கும் மருந்து தெளித்திருக்கக்கூடும். அந்த மருந்துகளிலும் கொசுவத்தியிலும் பரவலாக உள்ள பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மனிதருக்கு அவ்வளவாகக் கேடு செய்யாத அளவிலேயே மீனுக்குக் கொடிய நஞ்சு. பட்டறையில் பெயின்ட் தூரிகை ஊறவைத்த தொட்டி, வயல் மருந்துப் புட்டிகளை அடுக்கி வைத்த தொட்டி ஆகியவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். பழைய மரவீடுகளில் இன்னமும் சில இடங்களில் காணக்கூடிய, இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பட்டி என்ற மாவுப் பசை வைத்துப் பதித்த தொட்டிகள் பார்வைக்கு அழகானவை. சிலிக்கான் பசை வருவதற்கு முந்திய காலத்துப் பட்டியில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் அவற்றில் செடி வைத்து அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கண்ணாடியையும் பொருத்துகளையும் பார்க்கும்போது இரண்டு வகைப் பசையையும் வேறுபடுத்தி அறிய வேண்டும். உள்மூலையில் வரப்புப்போல் ஓடுவது கசிவைத் தடுக்கும் பசை. இரண்டு கண்ணாடிகளின் விளிம்புகளுக்கு நடுவே மெல்லிய படலமாக நிற்பதுதான் தொட்டியைத் தாங்கும் பசை. முன்னது நகத்தால் நெம்பினால் உரிந்து வருகிறதா, கறுத்துப் பிளந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அது கெட்டிருந்தால் பழுது பார்க்கலாம். பின்னதை வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், நல்ல பொருத்து சீரான ஒரே நிறமாகத் தெரியும். இடையிடையே வெள்ளிபோல் பளபளக்கும் திட்டுகளோ ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கி நீளும் குமிழ்க் கோடோ தெரிந்தால் பசை கண்ணாடியை விட்டுவிட்டது என்று பொருள். அத்தகைய தொட்டியை முழுவதும் பிரித்து மீண்டும் ஒட்டினால்தான் உண்டு. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது மாண்டலே, சகாயிங் பகுதிகளில் நீரோடு நின்று ஆடிய தொட்டிகள் இங்கே விற்பனைக்கு வந்தால், பார்வைக்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும் இந்தப் பொருத்துகளை ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பது நலம். மேல்விளிம்பில் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடிப் பட்டைகள் பெயர்ந்துபோன தடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். முன்கண்ணாடி வெளிப்புறமாகப் புடைக்காமல் பிடித்து நிற்பவை அவையே. மூடி போட இடைஞ்சலாக இருக்கிறதென்று அவற்றை அறுத்தெடுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

கசிந்த இடத்தில் மேலாகப் பசை தடவும் யோசனைக்கு வருகிறேன். காய்ந்து இறுகிய சிலிக்கானின் மேல் புதிய சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. உள்மூலைப் பசை முழுவதையும் சவரத் தகட்டால் சுரண்டி எடுத்து, கண்ணாடியை ஆல்கஹாலால் துடைத்து, எல்லா உள்மூலைகளுக்கும் ஒரே மூச்சில் புதிதாகப் பூச வேண்டும். கடையில் பசை வாங்கும்போது, குளியலறைக்கென்று பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்து விற்பதை வாங்கிவிடக் கூடாது. பூஞ்சணத்தைக் கொல்லுவதற்கென்றே கலந்தது மீனை விட்டுவைக்காது. எதுவும் கலக்காத பசை காயும்போது வினிகர் நெடி அடிக்கும். அந்த நெடி அறவே போகும்வரை, மழைக்காலமானால் ஒரு வாரத்துக்கும் மேலாக, நீர் ஊற்றாமல் காத்திருக்க வேண்டும்.

நீர்ச்சோதனைக்கு ஒரு மணி நேரம் போதவே போதாது. மூன்றடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 160 லிட்டர் நீர் பிடிக்கும். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். இந்த நாட்டுச் சந்தையில் இன்றும் புழங்கிவரும், ஏறத்தாழ 1.6 கிலோ கொண்ட வீசைக் கணக்கில் சொன்னால் 120 வீசைக்கும் மேல். நகரின் பழைய கட்டடங்களில் மூன்றாம் நான்காம் மாடி மரத்தரையில் இந்தப் பாரத்தைச் சோதனைக்காகவே ஏற்றுவது அறிவுடைமை ஆகாது. கீழே, சிமென்ட் தரையில், ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமமான இடத்தில், அடியில் தெர்மகோல் தகடு விரித்து வைக்க வேண்டும். தெர்மகோலின் மேல் தொட்டியின் விளிம்புக்கு வெளியே நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தித்தாளைப் பரப்பினால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் கறுத்துத் தெரியும். தங்கள் இதழின் பழைய பிரதிகள் எனக்கு இவ்வகையிலும் உதவுகின்றன என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி அரை நாள் விட வேண்டும்; பிறகு பாதி, அதன்பின் முழுவதும். அடியில் அழுத்தம் கூடுவது நீரின் அளவால் அல்ல, உயரத்தால் என்பதால், பாதி நீரில் கசியாத பொருத்து முழு நீரில் கசியக்கூடும். முழுவதும் நிரப்பிய பின் குறைந்தது இரண்டு நாள், மூன்று நாளானால் இன்னும் நல்லது, நிற்க விட வேண்டும். மே முதல் அக்டோபர் வரை நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தில், குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில் தானாகவே வியர்வை பூத்துக் கீழே வடிந்து தாளை நனைக்கும். அதைக் கசிவென்று நினைத்து நல்ல தொட்டியைத் திருப்பிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். துடைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், வியர்வை கண்ணாடி முழுவதும் மீண்டும் பூக்கும். கசிவு ஒரே இடத்திலிருந்து கோடாக வரும்.

சுத்தம் செய்வதில் சோப்பு, சோப்புத் தூள், பாத்திரம் துலக்கும் திரவம், வாசனைப் பினாயில் எதுவும் தொட்டியை நெருங்கக் கூடாது. நுரைக்கும் பொருள் எதுவாயினும் மீனின் செவுளையும் உடலை மூடியிருக்கும் வழுவழுப்பான படலத்தையும் கெடுக்கும். பசை ஓரங்களிலும் கீறல்களிலும் தங்கிய சிறிதளவே அதற்குப் போதும். வெயிலில் காய்வதால் அது போய்விடாது, காய்ந்து ஒட்டிக்கொண்டு, நீர் பட்டதும் மீண்டும் கரையும். கண்ணாடியில் பூத்திருக்கும் வெள்ளை உப்புப் படிவத்துக்கு வினிகரும் சவரத் தகடும் போதும். கிருமிக்கு, வாசனையும் நுரையும் சேர்க்காத சாதாரணப் பிளீச்சிங் திரவத்தில் ஒரு பங்குக்குப் பத்து முதல் இருபது பங்கு நீர் கலந்து, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, பலமுறை அலசி, நெடி போகும்வரை உலர்த்த வேண்டும். சோடியம் தயோசல்பேட் கலந்த நீரில் கடைசியாக ஒரு முறை கழுவினால் எஞ்சிய குளோரினும் போகும். பழைய புகைப்பட நிலையங்களில் ஹைப்போ என்று சொன்னார்களே, அதே உப்புதான். ஆனால் வினிகரையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒரே வேளையில் கலந்துவிடக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது மீனுக்கு முன் மனிதரை வீழ்த்தும். ஒன்றை முழுக்க அலசி முடித்த பின்பே மற்றது.

பிளீச்சிங் திரவத்துக்கு எளிதில் அடங்காத ஒரு கிருமியும் உண்டு. மீன்களுக்குக் காசநோய் போன்ற நோயைத் தரும் மைக்கோபாக்டீரியம் மரினம், கையில் இருக்கும் சிறு கீறல் வழியாக மனிதரின் தோலிலும் புகுந்து, சில வாரங்களுக்குப் பின் விரலிலோ புறங்கையிலோ ஆறாத கட்டிகளாகத் தோன்றும். குணமாகப் பல வாரங்கள், சில வேளை மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிவரும். விற்பவர், மீன்கள் மெலிந்து முதுகு வளைந்து ஒவ்வொன்றாகச் செத்தன என்று சொன்னால் எனக்கு முதலில் இந்த நோய்தான் நினைவுக்கு வரும். 70 விழுக்காடு ஆல்கஹால் இந்தக் கிருமியைக் கொல்லும் என்றாலும், அந்தத் தொட்டியை வாங்காமல் விடுவதே என் வழக்கம். மற்றத் தொட்டிகளைக் கழுவும்போதும் கையுறை அணிவது நல்லது. கையில் இப்படிப்பட்ட கட்டி வந்து மருத்துவரிடம் போகிறவர், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். இதற்கு மாறாக, பலரும் பெரிதாக அஞ்சும் வெள்ளைப் புள்ளி நோயின் ஒட்டுண்ணி, உலர்ந்த தொட்டியில் பிழைக்காது; மீன் கிடைக்காவிட்டால் நம் ஊர் வெப்பத்தில் அதன் ஆயுள் சில நாளே. அதற்காக எவரும் தொட்டியை ஒதுக்க வேண்டியதில்லை.

விற்பவர்கள், இது ஏற்கெனவே பழகிய தொட்டி, உடனே மீன் விடலாம் என்று சொல்வதுண்டு. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஈரமும் ஓடும் நீரும் இருக்கும்வரைதான் உயிரோடிருக்கும். மூன்று நாள் வண்டியிலும் வாசலிலும் காய்ந்து கிடந்த வடிகட்டியில் அவை இருப்பதில்லை. பழைய சரளையில் எஞ்சியிருப்பது காய்ந்த கழிவு. அது மீண்டும் நனைந்தால் அம்மோனியாவைத்தான் பெருக்கும். சரளையையும் பஞ்சையும் தூக்கி எறிந்துவிட்டு, புதுத் தொட்டிக்குரிய நான்கு முதல் ஆறு வாரப் பொறுமையோடு தொடங்குவதே வழி. பழைய ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அதை நீரில் இறக்கக் கூடாது; யாங்கோன் வெயிலுக்கு அது தேவைப்படுவதும் அரிது.

இவ்வளவுக்குப் பிறகும், தொட்டியின் வரலாறு தெரியாதபோது, மீனைப் பலிகொடுக்காமல் நஞ்சு இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. இறால்கள் செத்த பின்பே நான் இதைக் கற்றேன். மீன் குஞ்சுகளுக்கு உயிர் இரையாக விற்கும் டாப்னியா என்ற நீர்த்தெள்ளு, நஞ்சுக்கு மிக எளிதில் வசப்படும் உயிர்; ஆய்வுக்கூடங்களிலும் நீரின் நச்சுத்தன்மையை அறிய இதையே 48 மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். கழுவிய தொட்டியில் குளோரின் போன நீரை ஊற்றி ஒரு வாரம் நிறுத்தி வைத்து, அதிலிருந்து ஒரு போத்தலும், அதே நீரைச் சுத்தமான பாத்திரத்தில் அதே ஒரு வாரம் வைத்திருந்து அதிலிருந்து இன்னொரு போத்தலும் எடுத்து, இரண்டிலும் இருபது இருபது நீர்த்தெள்ளுகளை விட்டு, நிழலில் வைக்க வேண்டும். இரண்டாவது போத்தல் இல்லாமல் செய்யும் சோதனையால் பயனில்லை. கடைத் தெள்ளுகள் ஏற்கெனவே சோர்ந்திருக்கலாம், குழாய் நீரே கோளாறாக இருக்கலாம். இரண்டு நாளில் தொட்டி நீரில் உள்ளவை மட்டும் அடியில் விழுந்து கிடந்தால் கோளாறு தொட்டியில்தான். என் தொட்டியைச் சரளை இல்லாமல் இவ்வாறு சோதித்தபோது முதல் முறை பாதிக்கு மேல் செத்தன. உள்மூலைப் பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசி, மூன்று வாரத்தில் ஐந்து முறை நீர் மாற்றிய பின் செய்த சோதனையில் இரண்டு போத்தல்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பேரன் கேட்ட மீன்கள் அதன்பின்புதான் வீட்டுக்கு வந்தன. இன்லேப் பக்கத்து மீன்களுக்குச் சற்றுக் கடினமான காரநீர் ஒத்துக்கொள்வதால், வேறிடத்தில் புதிதாக வாங்கிய சுண்ணாம்புச் சரளையையே போட்டிருக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. முழுவதையும் வெளியிட இடமில்லையென்றால், சோப்புத் தூளைப் பற்றிய வரிக்கும், கசிவின் மேல் பசை தடவும் வரிக்கும் மட்டுமாவது வரும் ஞாயிறு இணைப்பில், முதலில் வந்த அதே பக்கத்திலேயே, திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குறிப்பைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் வீடு ஒன்றை நான் அறிவேன். அது என் மகளின் வீடு. அவள் வாங்கிய தொட்டி மாடியில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. நான் சொன்னதற்கு, பத்திரிகையில் போட்டிருக்கிறதே அப்பா என்கிறாள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தாம்வே, யாங்கோன்.